வீட்டுக்கு எத்தனை சைக்கிள்

கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நின்றேன். வில்லாபுரத்துத் தெருக்களில் சைக்கிளிலேயே போய், "சைக்கிளுக்குத் தனிப்பாதை, ரெண்டு பக்கமும் மரம்" என்று ஓட்டுக் கேட்டேன். போன தெருவிலெல்லாம் அம்புட்டு வரவேற்பு. எனக்கே புரியவில்லை.

நாலாம் நாள் ஒரு பெண் எனக்கு ஆரத்தி சுற்றிவிட்டு, ரேஷன் கார்டை நீட்டினாள்.

"வீட்டுக்கு ஒண்ணாண்ணே, ஆளுக்கு ஒண்ணா?"

"எது?"

"சைக்கிள்தான்."

எரிச்சலை அடக்கிக்கொண்டு, நான் போடப்போவது பாதை, சைக்கிள் தருவதாக நான் சொல்லவே இல்லை என்றேன். அவள் கார்டை இடுப்பில் செருகினாள்.

"சைக்கிளே இல்லாதவங்களுக்குப் பாதை எதுக்குண்ணே?"

திட்டத்தான் வாயெடுத்தேன். ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பென்று எனக்குப் பிடிபடவில்லை.

அடுத்த வாசலிலும் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். தட்டில், சூடத்துக்குப் பக்கத்தில், ரேஷன் கார்டு.