சுகுணாவுக்கு ஒண்ணும் ஆகாது

என் தங்கை சுகுணாவின் ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டு என்னிடம் இருக்கிறது. தேதி 22 ஏப்ரல் 1983. பள்ளி நடந்த நாட்கள், அவள் வந்த நாட்கள், இரண்டும் ஒரே எண். கீழே பச்சை மையில் ஒரு வரி: "ஒரு நாளும் விடுப்பு இல்லை. மிக நன்று."

எழுதியவர் அவளுடைய வகுப்பாசிரியை ரெஜினா டீச்சர். கிழக்குத் தாம்பரத்தில் அதே பள்ளியில் நான் எட்டாம் வகுப்பு. காலையில் வருகை எடுக்கும்போது அவர் குரல் எங்கள் வகுப்புவரை கேட்கும்.

"பல்வலிக்கு ரெண்டு நாள் லீவா? மழையில கரையிற சர்க்கரை பொம்மைங்கடி நீங்கள்லாம். சுகுணாவப் பாருங்க. அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அறுபது பிள்ளைகளை மழைக்காலத்தில் வகுப்புக்கு வரவைக்க அவரிடம் வேறு என்ன இருந்தது? ஆனால் சுகுணா அதை வீட்டுக்கு எடுத்து வந்தாள். காய்ச்சலில் கண் சிவந்து கிடப்பாள். நெற்றியைத் தொடப் போனால், "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று கையைத் தட்டிவிடுவாள்.

எனக்கு அப்போதே டைரி எழுதும் பழக்கம். 1982 ஆகஸ்ட் பக்கங்களில் இப்படி இருக்கிறது:

14: சுகுணாவுக்கு வலது முழங்கால் வீக்கம்.
16: முழங்கால் சரியாகிவிட்டது. இப்போது கணுக்கால்.
19: வாசல்படி இறங்க முடியவில்லை. நான் மட்டும் பள்ளிக்குப் போனேன்.

அப்பா வெளியூரில் மாற்றலில் இருந்தார். டெலிபோன் அலுவலகத்தில் வேலை பார்த்த அம்மா ஏழு மணி ரயிலைப் பிடிக்கப் போய்விட்டிருந்தார். "அம்மாகிட்ட சொல்லாதண்ணா. ஒரு வாரம் படுக்கப் போட்டுருவாங்க" என்றாள் சுகுணா. நான் சொல்லவில்லை. எழுதி வைத்தேன்.

1991 ஜூனில், தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் அவள் பாதிப் படியில் நின்று ஒரு சினிமா போஸ்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாளும் அதே போஸ்டரைத்தான் பார்த்தாள். அருகில் போனபோது உதடு நீலமாக இருந்தது. எத்தனை மாதங்களாக இப்படி நின்று மூச்சு வாங்கினாள் என்று தெரியாது.

நகரத்து அரசு மருத்துவமனையில் எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை) எடுத்தார்கள். மைட்ரல் ஸ்டெனோசிஸ் (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு சுருங்கிப்போதல்) என்றார்கள்.

"சின்ன வயசுல மூட்டு வலி வந்துதாம்மா? முட்டி, அப்புறம் கணுக்கால், இப்படி இடம் மாறி மாறி?" என்று கேட்டார் டாக்டர்.

"இல்ல சார். எனக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆயிடுச்சேம்மா" என்றார் அவர்.

மறுநாள் டைரியை எடுத்துப் போனேன். அவர் மூன்று வரிகளையும் படித்தார். ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப்புண்ணுக்குப் பின் மூட்டுகளைத் தாக்கி, இதய வால்வில் தழும்பை விட்டுப்போகும் நோய்) என்றார். "இத அப்ப யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

டைரியை வாங்கி மூடினேன்.

1992 மார்ச்சில் பலூன் சிகிச்சை (தொடை ரத்தக்குழாய் வழியே பலூனைச் செலுத்தி வால்வை விரிப்பது) நடந்தது. அதற்குப் பிறகு, அந்தக் காய்ச்சல் திரும்பாமலிருக்க இருபத்தொரு நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி; போட்ட தேதியைக் குறிக்க ஓர் அட்டை. இதே ஊசி அட்டையை வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஊசி மிகவும் வலிக்கும், இரண்டு நாள் நொண்ட வைக்கும். ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்று வருடம் நன்றாக இருந்தாள். மேம்பாலத்தை நிற்காமல் ஏறினாள். மேலே போய்த் திரும்பி, "வா கிழவா" என்று என்னைக் கூப்பிடுவாள். மாடம்பாக்கத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தாள். காலண்டரில் ஊசி நாட்களை நான் வட்டமிடுவேன். "போட்டுட்டேண்ணா" என்று சாயங்காலம் வந்து சொல்வாள். அட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. எல்லாத் தேதிகளையும் சரிபார்க்கிற எனக்கு, அவள் சொன்ன இந்த ஒன்று போதுமாக இருந்தது.

1995 ஆகஸ்டில் தொண்டை வலி, காய்ச்சல். வால்வு கசியத் தொடங்கியது. மருத்துவமனையில் அட்டையைக் கேட்டார்கள். ஐந்து கட்டங்கள் காலி.

"ஊசி போட்டா நொண்டணும்ணா. லீவு போடணும்" என்றாள். "நான் ஸ்கூல்ல இதுவரைக்கும் லீவே போட்டதில்ல."

வால்வு மாற்றும் அறுவைக்கு நாள் குறித்தார்கள். அதற்கு ஆறு நாள் முன்பு, மதியம், வார்டில் தலையணைகளை அடுக்கி உட்காரவைத்திருந்தோம். படுத்தால் மூச்சு முட்டியது. அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தார்.

"அண்ணா, அம்மா இல்லல்ல?"

"இல்ல, சொல்லு."

"ரொம்ப வலிக்குது."

இருபத்து மூன்று வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அன்று மாலை போய்விட்டாள். 11 நவம்பர் 1995.

எனக்கு இன்னும் வாரமும் மாதமும் இரண்டாம்பட்சம். இருபத்தொரு நாள்தான் கணக்கு. அந்த நாள் வந்தால், இடுப்பில் அவளுக்கு ஊசி போட்ட இடம் எனக்குக் கனக்கிறது. மேம்பாலத்தில் பாதிப் படியில் கால் தானாக நிற்கிறது.

ஒரு விஷயம் மட்டும் பொருந்தவில்லை. 1982 ஆகஸ்ட் 19 அன்று அவள் பள்ளிக்கு வரவில்லை என்று என் டைரி சொல்கிறது. ரேங்க் கார்டு வந்தாள் என்கிறது. மதியத்துக்கு மேல் நொண்டிக்கொண்டே போனாளோ, அல்லது காலி இடத்தைப் பார்த்த ரெஜினா டீச்சர், பாவம் என்று அவரே வருகை போட்டுவிட்டாரோ. அப்படி என்றால், அன்று அவள் இல்லாததைப் பார்த்த ஒருவராவது இருந்திருக்கிறார்.

1997 ஜனவரியில் பள்ளிக்குப் போய்க் கேட்டேன். அந்த வருடத்துப் பதிவேடுகள் இல்லை. டீச்சர் ஓய்வு பெற்று எங்கே போனார் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எது உண்மை என்று இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.