ஏரிக் களிமண் கொட்டிய மலைப்பாதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருஷம் தள்ளிப்போட்டேன். அந்தப் பாதையைப் போட்ட காண்டிராக்டர் எங்கள் ஊர்க்காரர். கிருத்திகை பஜனையில் என் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர். சாமி சன்னதியில் பகை வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது.

எழுபத்தெட்டாம் வருஷம், ஆடிக் கிருத்திகை. காலை ஐந்து மணிக்குத் திருப்பத்தூரிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். கேரியரில் நல்லெண்ணெய் டின். மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கும் முருகனுக்கு வருஷா வருஷம் விளக்குக்கு எண்ணெய் கொண்டுபோவதாக எனக்கு வேண்டுதல். அடிவாரத்தில் இருபது காசுக்கு ஒரு டீ. அப்புறம் ஏழு மைல் ஏற்றம். பாதி மிதிப்பு, பாதி தள்ளல்.

பழைய பாதை சரளைக்கல். ஆளை உலுக்கி எடுக்கும். ஆனால் எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் கல்லிடுக்கில் இறங்கிவிடும், டயர் பிடித்து ஓடும். அந்த வருஷம், யாரோ ஒரு மேலதிகாரியின் ஜீப் ஒரு நாள் வந்து போவதற்காக, அதன்மேல் ஏரிக் களிமண்ணைக் கொட்டி மட்டம் தட்டியிருந்தார்கள். கிராவல் தூரத்தில் கிடைக்கிறது, களிமண் கிட்டத்தில் கிடைக்கிறது, அவ்வளவுதான். ஓரத்தில் தண்ணீர் போக வாய்க்கால்கூட வெட்டவில்லை. காய்ந்திருந்தபோது சிமெண்டுத் தரை மாதிரி இருந்தது. மலைக்காரர்கள் அதற்குப் பூசணிக்காய் உடைத்துக் கற்பூரம் காட்டியிருந்தார்கள்.

பகல் பன்னிரண்டுக்கு விளக்கேற்றி, வழக்கம்போல அந்த ஊர் வெள்ளையன் வீட்டில் சாமைச் சோறு சாப்பிட்டேன். மழை பிடித்துக்கொண்டது. மழையோடு அவன் மனைவி காளிக்கு இடுப்புவலி. தலைப்பிள்ளை. குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றாள் மருத்துவச்சி. கழியில் போர்வையைத் தொங்கவிட்டு டோலி கட்டினார்கள்.

“அண்ணே, நீங்க முன்னாடி போங்க. அடிவாரத்துல வேன் எதுனா இருந்தா நிறுத்தி வைங்க. சைக்கிளு உங்ககிட்டதான் கீது” என்று வெள்ளையன் அழுதான்.

“அழுவாதடா. உன்னையும் சேத்துத் தூக்கணுமா நாங்க?” என்றார் டோலி தூக்கிய பெரியவர்.

இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை. களிமண் மட்கார்டுக்குள் அடைத்துச் சக்கரம் நின்றுவிட்டது. குச்சியால் நோண்டினேன். பத்தடி போனால் மறுபடியும் நின்றது. அதற்குள் டோலி என்னை எட்டிவிட்டது.

“மட்காட்ட கழட்டி வீசுங்க அண்ணே!” என்று கத்தினான் வெள்ளையன்.

“வேல் வரைஞ்சிருக்கேன் தம்பி, எப்படி வீசறது?”

“வேலு மேல ஒரு சாண் சேறு கீது. முருகனுக்கே மூச்சு முட்டுது!”

ஸ்பேனரை எடுத்துக் கழற்றி எறிந்தேன். அப்போதுதான் முன்னால் தூக்கியவரின் கால் வழுக்கியது. டோலி தரையில் மோதியது. காளி போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பாதையே வேண்டாம் என்று எல்லாரும் ஆட்டுத்தடத்தில், வெறும் பாறைமேல் இறங்கினோம். வெள்ளையன் ஒரு மரக்கிளையை வெட்டி என் கேரியரில் பின்னால் இழுபடும்படி கட்டினான். “பிரேக்க நம்பாதீங்க, நனைஞ்சா புடிக்காது. இது புடிக்கும், போங்க.” பாறையில் சக்கரம் பிடித்து ஓடியது. முருகா முருகா என்று இறங்கினேன்.

ஐந்து மணிக்கு அடிவாரம். வேன் கிடைத்தது. “மேல ஏறாதுங்க. காலைல போன லாரியே சேத்துல குந்திக்கினு கீது” என்றார் டிரைவர். இருவரும் மலையைப் பார்த்தபடி நின்றோம்.

இருட்டும்போது டோலி வந்தது. காளிக்கு உயிர் இருந்தது. பின்னால் வந்த வெள்ளையன் கையில் ஒரு துணிப்பொட்டலம்.

“பாறை மேலயே பொறந்திடுச்சி அண்ணே. கத்தவேயில்ல.”

அடுத்த கிருத்திகைக்கு அந்தக் காண்டிராக்டர் எங்கள் கோயிலுக்கு டியூப்லைட் கொடுத்தார், தம் பெயரைப் பெரிதாக எழுதி. அதன் வெளிச்சத்தில்தான் நான் இன்றும் கும்பிடுகிறேன். எங்கள் தெருவில் தார்ரோடு. மழையில் போனாலும் காலில் சேறு படுவதில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது மனசு இளகி, குழந்தை பிழைத்துக்கொண்டது என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.