அத்தைக்கு ஒரு வீடு தாரும்

என்னைப் போல இரக்கமுள்ள பிள்ளை சுற்றுவட்டாரத்தில் கிடையாது என்று எங்கள் ஊரில் கொஞ்ச காலம் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேரை எனக்கு வாங்கித் தந்தது இரக்கம் அல்ல, வயிற்றெரிச்சல்.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முந்திய கதை. சீவலப்பேரிக்குக் கீழே ஆற்றை ஒட்டி எங்கள் ஊர். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அந்த ஐப்பசியில் தாமிரபரணி கரை மீறி வந்தபோது, வடக்கு வீட்டு அத்தையின் மண் வீடு கரைந்து போனது. வீடு நின்ற இடத்தையும் ஆறு அரித்துக்கொண்டு போய்விட்டது. அத்தை என்றால் உறவு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, அதனால் அத்தை. அவள் புருஷன் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர், போனவர்தான். அத்தையும் என் வயதுள்ள அவள் மகளும் ஈரச் சேலையும் பாவாடையுமாக வந்து நின்றார்கள். அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் உள்ளே கூட்டிக்கொண்டாள்.

முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, விளையாட ஆள் கிடைத்ததே என்று. பிறகு என்னுடையது ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயிற்று. அம்மா பக்கத்தில் படுக்கும் இடம் போயிற்று. "அவ பயந்துக்கிடுதா. நீ தைரியக்காரில்லா" என்றாள் அம்மா. சோற்றுப் பானையின் அடிக் காந்தல் அதுவரை என் ஒருத்தியின் சொத்து. அதில் பாதி போயிற்று. அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் தலைமுடி. அதைச் சீவிப் பின்னிவிட அம்மாவுக்கு அலுக்கவே அலுக்காது. என் எலிவாலை இரண்டு இழுப்பில் முடித்துவிடுவாள். அப்பா அதைவிட மோசம். அவள் பைபிள் சங்கீதத்தைத் தடங்கல் இல்லாமல் ஒப்பிப்பாள். "எப்படிப் படிக்கா பாரு" என்று அவளைப் புகழும்போது அப்பா பார்ப்பது என்னைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வீட்டில் விளக்கேற்றியதும் குடும்ப ஜெபம். பெரியவர்கள் முடித்த பிறகு பிள்ளைகளும் வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். 'அவளை அனுப்பிவிடு' என்று அம்மாவிடம் சொன்னால் அடி விழும். ஆண்டவரிடம் சொன்னால் யார் என்ன செய்ய முடியும்? "ஆண்டவரே, அத்தைக்கு ஒரு வீடு தாரும். சீக்கிரம் தாரும். தூரமாயிருந்தாலும் பரவாயில்லை" என்று ஆரம்பித்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா வெகுநாளைக்குப் பிறகு என் தலையில் கை வைத்தார். அதற்குப் பிறகு விடுவேனா? தினமும் அதே ஜெபம்தான். எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னவள் அத்தை.

மண்ணும் பனை ஓலையும் ஊரில் கிடைக்கும். சுவர் வைக்கிறவர்களுக்குச் சோறு போட அரிசிதான் வேண்டும். அதற்கு இருந்தது பிடியரிசி. சபையில் எந்த வீட்டிலும் உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிச் சட்டியில் எடுத்து வைப்பார்கள். சனிக்கிழமை அது வேதக்கோயிலுக்குப் போகும். எங்கள் வீட்டுச் சட்டியைக் கொண்டுபோவது என் வேலை. அவள் வெறுங்கையோடு என் பின்னால் வருவாள். அந்த ஒன்றை மட்டும் நான் பங்கு கொடுக்கவில்லை. அப்பா போய்க் கேட்டபோது சபை மூப்பர் மறுத்துவிட்டார். "கோயில் அரிசி கோயிலுக்குத்தான். ஒருத்திக்குக் குடுத்தா ஊரே வந்து நிக்கும்லா, வாத்தியாரே."

மார்கழியில் பாளையங்கோட்டையிலிருந்து ஐயர் வில்வண்டியில் வந்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்போம். ஆராதனை முடிவில், சின்னப் பிள்ளை யாராவது ஜெபிக்கட்டும் என்றார். நான் எழுந்துவிட்டேன். அதே ஜெபம்தான், ஆனால் இந்தத் தடவை அழுகையும் வந்தது. முந்தின நாள்தான் அம்மா என் கிறிஸ்மஸ் பாவாடைத் துணியில் பாதியை அவளுக்கு வெட்டியிருந்தாள். நான் துணியை நினைத்து அழுதேன். சபை அத்தையை நினைத்து அழுதது. "இந்தப் பிள்ளைக்கு இருக்க மனசு நமக்கு இல்லாமப் போச்சே" என்றார் ஐயர். மூப்பர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூப்பர் இரங்கினால் பாதியில் நிற்கமாட்டார். பிடியரிசியைக் கொடுத்ததோடு, எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே கிடந்த கோயில் மனையையும் சபையில் பேசி வாங்கிக் கொடுத்தார். "பிள்ளை உசுரா இருக்கு. கண்ணு முன்னாலயே இருக்கட்டும்" என்றார். ஆண்டவர் என் ஜெபத்தின் கடைசி வரி வருவதற்குள் எழுந்து போயிருக்க வேண்டும்.

சுவர் தொடங்கும்போதே வாசலுக்கு இடம் விட்டாக வேண்டும். மூப்பர் எங்கள் வீட்டைப் பார்த்துக் கயிறு பிடித்தார். அதுவரை தனக்கென்று எதையும் கேட்காத அத்தை, "வாசல் அந்தப் பக்கம் இருக்கட்டும் அண்ணாச்சி" என்றாள்.

"எதுத்தாப்புல வாத்தியார் வீடு. ஆத்திர அவசரத்துக்கு வேண்டாமா?"

"கூப்பிட்டாக் கேக்கும் அண்ணாச்சி. அங்கனயே இருக்கட்டும்."

அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை நாள் முழங்காலில் நின்று நான் வாங்கிக் கொடுத்த வீடு, எனக்கே முதுகைக் காட்டுவதா? ஆனாலும் தண்ணீர் சுமந்தேன், சேறு மிதித்தேன். அவளும் மிதித்தாள், அதையும் என்னைவிட நன்றாகவே மிதித்தாள். ஒரு படை மண் காய்ந்த பிறகுதான் அடுத்த படை வைப்பார்கள். காய்ந்ததா என்று நான் பொழுதன்றைக்கும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஊர் அதற்கும் என்னை மெச்சியது.

பங்குனி அறுப்பு நடக்கும்போது குடிபோனார்கள். அம்மா பக்கத்து இடமும் முழுக் காந்தலும் எனக்குத் திரும்பி வந்தன. அம்மாதான் வரவில்லை. அடுப்புப் புகைகிறதா என்று அந்த மொட்டைச் சுவரை வெளியே போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கொஞ்சம் அரிசி குடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள். அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை எங்கள் பிடியரிசிச் சட்டியோடு கிளம்பினேன். சுவருக்கு அந்தப் புறத்திலிருந்து அவள் வந்தாள். அவள் இடுப்பிலும் ஒரு புதுச் சட்டி. எட்டிப் பார்த்தேன். அத்தை அறுப்புக்குப் போய் வாங்கி வந்த கூலி நெல்லைக் குத்திய அரிசி, சட்டியின் அடியைக்கூட மூடவில்லை. என் சட்டியோ வாய் வரை இருந்தது. ஆனாலும் அவள் ஒரு மணிகூடச் சிந்திவிடக் கூடாது என்பதுபோல அடிமேல் அடி வைத்து, என் பக்கம் திரும்பாமல் எனக்கு முன்னே நடந்து போனாள். எனக்கு அப்போது வந்த பொறாமை அதுவரை வந்ததே இல்லை. அந்தச் சட்டியில் பொறாமைப்பட என்ன இருந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.