ஜானவாச கார் மூக்கைத் தூக்கிய மத்தியானம்

போன வாரம் ஒரு காலை என் கார் எழுந்திருக்க மறுத்துவிட்டது. தெருக்காரர்களைக் கெஞ்சித் தள்ளவைத்து, மன்னார்புரத்தில் ஒரு பாட்டரிக் கடைக்கு ஓட்டிப்போனேன். கடைக்காரர் அப்போதுதான் சாமி படத்துக்கு மல்லிகைச் சரம் சாத்தியிருந்தார். படத்துக்குக் கீழே வரிசையாகப் பாட்டரிகள் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. ஆசிட் நெடியும் மல்லிகை வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் வலது கால் தானாக நடுங்க ஆரம்பித்தது.

"உக்காருங்க சார். சுகருங்களா?" என்றார் கடைக்காரர்.

சுகர் இல்லை. ஜானவாசம்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைத் திறந்த காரில் உட்காரவைத்து ஊர்வலமாக அழைத்துவருவார்களே, அதைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லவேண்டியிருக்கும். அறுபதுகளின் நடுவில், பி.ஏ.யில் ஒரு பேப்பர் என்னைக் கைவிட்டிருந்த காலத்தில், ஸ்ரீரங்கத்து ஜானவாசங்களுக்குக் கார் ஓட்டுவது என் தொழில். கார் பாலக்கரை காதர் பாயுடையது. ஐயங்கார் பையன், பாய் வண்டி, பெருமாள் வீதி. அப்பாவுக்கு இதில் எந்த ஆட்சேபமும் இல்லை, நான் சம்பந்தப்பட்டிருந்தேன் என்பதைத் தவிர.

அந்த வண்டியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். ஏதோ ஒரு ஜமீனில் கழித்துவிட்ட, கூரை மடக்குகிற பழைய கார். சொந்த எஞ்சின் எப்போதோ செத்துப்போய், பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஜீப்பின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் பாய் அதில் உட்காரவைத்திருந்தார். ஒட்டகத்துக்கு ஆட்டுத் தலை வைத்த மாதிரி முன்பக்கம் லேசு. பின்பக்கமோ கனம். மாப்பிள்ளை எல்லோர் கண்ணிலும் பட வேண்டுமே, அதற்காக மடக்கிய கூரைமேல் இரும்புச் சட்டத்தில் ஓர் உயர ஆசனம். அதற்குப் பின்னால் மயில்தோகை மாதிரி விளக்கு வளைவு. விளக்கு எரிய டிக்கியில் நான்கு லாரிப் பாட்டரிகள். ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

"தம்பி, இது குதிரை இல்ல, தேரு. தேரு எப்பவாச்சும் ஓடிப் பாத்திருக்கீங்களா? நகரணும், அவ்வளவுதான்" என்பார் பாய்.

நகர்ந்தேன். நாற்பது, ஐம்பது ஜானவாசம் நகர்ந்தேன். முதல் கியர், பாதி கிளட்ச், முன்னால் நாதஸ்வரம். என்னைவிட வேகமாகத் தெரு மாடு போகும். ஒரு தடவை, சத்தியமாக, நொண்டிப் பிச்சைக்காரர் ஒருவர் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். இருபத்திரண்டு வயதுக் காலுக்கு அது தாங்குமா? ராத்திரி படுத்தால் பாதம் தானாகக் கோரைப்பாயை மிதிக்கும். எங்கேயாவது, என்றைக்காவது, இந்த மிதியை அடி மட்டத்துக்கும் அழுத்திப் பார்க்கவேண்டும் என்று கால் அரித்துக்கொண்டே இருந்தது.

அரிப்பு தீர்ந்தது என் அக்கா கோதையின் ஜானவாசத்தன்று. வேறு நாளா கிடைக்கவில்லை என்று கேட்காதீர்கள். நானும் முப்பது வருஷத்துக்கு மேலாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாப்பிள்ளை சம்பத்துக்கு மதராஸில் உத்தியோகம். சம்பந்தி வீட்டார் எங்களைவிட ஒரு படி மேல். அந்தப் படியில் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். எதிர்த்த வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையை மூடின டாக்ஸியில் அழைத்து வந்ததில், "மாப்பிள்ளைக்கு மூஞ்சி கோணலோ?" என்று வீதியே பேசியிருந்தது. அதனால் அப்பா என்னிடமே, பல்லைக் கடித்துக்கொண்டு, வந்து கேட்டார். "அந்தத் திறந்த வண்டியை நம்மாத்துக்கும் சொல்லிடுடா. இது ஒண்ணாவது குறையில்லாம நடக்கட்டும்."

மத்தியானம் பாயிடம் வண்டியை எடுத்துக்கொண்டு, ஜோடனையோடு நேராக ரயில்வே ஜங்ஷனுக்குப் போனேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களை டாக்ஸிகளில் ஏற்றி அனுப்பியாயிற்று. மாப்பிள்ளை மட்டும் தன் சிநேகிதன் வெங்கிட்டுவோடு நின்றார். வெங்கிட்டு திருவெறும்பூர்ப் பக்கம் புதிதாக வந்திருந்த பெரிய தொழிற்சாலையில் என்ஜினீயர். கையில் புத்தம்புதுச் சின்னக் கார். அவன் என் தேரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"ஏன் சார், இது ஓடுமா, இல்ல வடம் புடிக்கணுமா?"

நான் சிரித்துவைத்தேன். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாண பயம். வியர்த்து, வெளுத்து, திருடிவிட்டு மாட்டிக்கொண்ட மாதிரி நின்றார்.

"சம்பத்து, இந்த ஓட்டைல ஏறாதேடா. நடுவீதியில நின்னா மானம் போயிடும். சாயங்காலம் என் வண்டியில வா" என்றான் வெங்கிட்டு.

மாப்பிள்ளை என் காரைப் பார்த்தார். அவன் காரைப் பார்த்தார். தலை மெதுவாக அவன் பக்கம் ஆடத் தொடங்கியது. அவனுடையது மூடின கார். எனக்கு எதிர்த்த வீட்டின் கோணல் மூஞ்சியும் அப்பாவின் மூஞ்சியும் ஒன்றாகத் தெரிந்தன. வாய் முந்திக்கொண்டது.

"ஓடறதா இல்லையான்னு ஓட்டிப் பாத்துடலாமே. ஜெயிக்கிற வண்டியில மாப்பிள்ளை வரட்டும்."

சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே கேட்டது.

மன்னார்புரத்தைத் தாண்டினால் அப்போது இரண்டு பக்கமும் பொட்டல். ரோடு கயிறு பிடித்த மாதிரி நேராகப் போகும். உச்சி வெயிலில் ஆள் நடமாட்டம் கிடையாது. இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். தூரத்து மைல்கல்தான் எல்லை. மாப்பிள்ளை எங்கே உட்காருவது என்ற கேள்வி வந்தது. "அவர் ஆசனத்துலயே உக்காரட்டும். சொகுசு எப்படின்னு தெரியட்டும்" என்றேன். பெருமை யாரை விட்டது. அவர் பேசாமல் ஏறி, பின்கோடியில், பாட்டரிகளுக்கு நேர் மேலே உட்கார்ந்தார். நல்ல ஆகிருதி.

பிறகு நான் செய்த காரியத்தை வேறு எந்த ஊர்ப் பந்தயக்காரனும் செய்திருக்கமாட்டான். இறங்கி, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். ஜானவாசம் கிளம்பும்போது வைத்து வைத்துப் பழக்கம். வெங்கிட்டு கார் ஜன்னலில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தான்.

"தேங்காயும் உடைச்சுடுங்கோ. சாயங்காலத்துக்குள்ள கிளம்பிடலாம்."

அவனே ஒன்று, இரண்டு, மூன்று சொன்னான். நாற்பது ஜானவாசத்துக் கோபத்தையும் சேர்த்து ஆக்ஸிலேட்டரை மிதித்து, கிளட்சிலிருந்து காலைச் சடக்கென்று எடுத்தேன்.

ரோடு காணாமல் போய்விட்டது.

எதிரே பானெட் இருந்தது. பானெட்டுக்கு மேலே ஆகாசம் இருந்தது. ஒரு பருந்துகூட இருந்தது. ரோடு மட்டும் இல்லை. முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பி, வண்டி பின்காலில் நிற்கிற குதிரையாகப் போய்க்கொண்டிருந்தது. சாண் உயரம்தான் என்று வெங்கிட்டு பிற்பாடு சாதித்தான். உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கல்லவா தெரியும், கோபுரத்தில் பாதி.

ஒரு வீரன் அந்தச் சமயத்தில் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஹாரன் அடித்தேன். யாருக்கு? பருந்துக்குத்தான். பிறகு ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினேன். அது ராட்டினம் மாதிரி லேசாகச் சுற்றியது, வண்டி அதைச் சட்டைசெய்யவில்லை. இன்னும் திருப்பினேன். "ரங்கா!" என்று கத்தினேன். அதில் பக்தி ஒன்றும் இல்லை, பக்கத்தில் யாராவது ரங்கன் இருந்தால் உதவிக்கு வரட்டுமே என்றுதான். கடைசியாக இரண்டு காலையும் தூக்கி சீட்டின்மேல் வைத்துக்கொண்டேன். எலி ஓடினால் செய்வோமே, அது மாதிரி.

மிதியை ஒரேயடியாக விட்டதும் மூக்கு தொப்பென்று விழுந்தது. சக்கரம்தான் இடது பக்கம் திரும்பியிருக்கிறதே, வண்டி இடது பக்கம் பாய்ந்து, பொட்டலில் இறங்கி, ஒரு கருவேல மரத்துக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. ஆசிட் நெடி. ஜோடனை மல்லிகையெல்லாம் என் மடியில். பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அக்காவுக்கு என்ன சொல்வேன்? மாப்பிள்ளையை எங்கே போட்டாய் என்று அப்பா கேட்டால்?

பின்னாலிருந்து ஒரு விசித்திரமான சத்தம் வந்தது. மாப்பிள்ளை இரும்புச் சட்டத்தைக் கட்டிக்கொண்டு, விளக்கு வளைவில் அங்கவஸ்திரம் மாட்டித் தொங்க, சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் ஜலம் வழியச் சிரித்தார். பிறகு, என்னோடு பேசிய முதல் வார்த்தையாக, கேட்டார்:

"இன்னொரு தரம் போலாமா?"

வெங்கிட்டு பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வந்தான். கண்ணாடியில் பார்த்தபோது தன் சிநேகிதன் ஆகாசத்தில் உட்கார்ந்திருந்தானாம். கீழே குனிந்து, மேலே பார்த்து, என்ஜினீயர் ஆனான்.

"கனமெல்லாம் பின்னாடி. ஜீப்போட கியர், அது யானையை இழுக்கும். கிளட்சை ஒரேயடியா விட்டா தூக்காம என்ன பண்ணும்? தூக்கிடுத்துன்னா காலை மெதுவா எடுக்கணும். ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது, நேரா வெச்சுண்டு காத்திருக்கணும். நீங்க காத்துலயே கார்னர் எடுத்திருக்கேளே!"

யார் ஜெயித்தது என்று யாரும் பேசவில்லை. மாப்பிள்ளை ரோட்டுக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கி வந்தார். மற்ற மூன்றும் நசுங்கியிருந்தன, அது மட்டும் முழுசாக இருந்தது. "இதுலயேதான் வரேன்" என்றார். பழத்தை மடியில் முடிந்துகொண்டார்.

அத்தோடு முடிந்திருந்தால் நிம்மதி. எனக்கு நிஜமான பீதி சாயங்காலம்தான் பிடித்தது.

தெற்குச் சித்திரை வீதி. ஜனம் நெருக்கியடித்தது. மாப்பிள்ளை ஆசனத்தில். வழக்கப்படி வீதிக் குழந்தைகள் அத்தனையும் காரில் ஏறின, ஏறியதெல்லாம் பின்பக்கம். எனக்கு முன்னால் ஐந்தடியில் தவில்காரர் மாப்பிள்ளையைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். அவருக்கும் முன்னால் அப்பா, எல்லோருக்கும் கைகூப்பிக்கொண்டு. நடை வேகத்தில் வண்டி ஏன் தூக்கப்போகிறது? புத்திக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. "கிச்சா மாமா, முன் சீட்டுக்கு வாங்கோ!" என்று எங்கள் குடும்பத்திலேயே பருமனானவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தேன். அப்படியொரு மரியாதையை என்னிடம் எதிர்பார்க்காத மாமா நெகிழ்ந்துபோனார்.

மத்தியானம் விழுந்ததில் ஸ்டியரிங் கால் சுற்றுப் பிசகியிருந்தது. வண்டி நேராகப் போக நான் இடது பக்கம் திருப்பிப் பிடிக்கவேண்டும். அந்தக் கோலத்தில் வீதி முனைக்கு வந்தபோது, சாக்கடையை மூடிய கல்லில் ஏறும் மேட்டில், எஞ்சின் நின்றுவிட்டது. மூக்கு ஏற்கெனவே கொஞ்சம் மேலே பார்த்திருந்தது. திரும்பக் கிளப்பியாகவேண்டும். கிளட்சை விட்டேயாகவேண்டும். எதிரே தவிலும் அப்பாவும்.

கால் தந்தி அடித்தது.

"தூக்குமோ?" என்று மெதுவாக ஒரு குரல் காதுக்குப் பின்னால்.

"தெரியலை."

"நான் முன்னாடி குனிஞ்சுக்கறேன். நீங்கோ மெதுவா விடுங்கோ. ஸ்டியரிங்கைத் தொடாதேங்கோ."

மாப்பிள்ளை இடுப்பிலிருந்து மடிந்து, தலை என் தோளுக்கு வருகிற அளவு குனிந்தார். கையில் அந்த எலுமிச்சம்பழம். நான் கிளட்சை, பால் குடிக்கிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி, விட்டேன். வண்டி மேட்டில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. மூக்கு கிளம்பவில்லை. மாப்பிள்ளை நிமிரவுமில்லை. வடக்கு வீதி வரைக்கும் குனிந்தே வந்தார்.

வீதி பார்த்தது. "என்ன பவ்யம், என்ன பவ்யம்! கார்ல உக்காந்துண்டும் எல்லாரையும் சேவிச்சுண்டே வராரே!" என்று ஒரு மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் வண்டியைத் திருப்பிக் கொடுக்கையில் பாய் கேட்டார், "ஸ்டியரிங் ஏன் தம்பி கோணிக்கிச்சு?"

"ஸ்ரீரங்கத்துல எல்லா வீதியும் திரும்பிக்கிட்டே இருக்கு பாய்."

பாய் என்னைப் பார்த்தார். வண்டியின் அடியில் ஒட்டியிருந்த கருவேல முள்ளைப் பார்த்தார். "இன்ஷா அல்லா, உங்களுக்கு சீக்கிரம் வேற வேலை கெடைக்கும்" என்றார். அன்றே கிடைத்துவிடவேண்டும் என்பது குரலில் இருந்தது.

அந்த மாப்பிள்ளை, என் அத்திம்பேர், போன தை மாதம் காலமானார். அக்கா வீட்டுக் கூடத்தில் மாலை போட்டிருக்கிற படம் அந்த ஜானவாசப் படம்தான், விளக்கு வளைவுக்குக் கீழே குனிந்தபடி. "அன்னிக்கே தெரிஞ்சுண்டுட்டேண்டா, இவர் எப்படிப்பட்ட மனுஷர்னு" என்றாள் அக்கா. நான் வாயைத் திறந்து, காப்பியை ஊற்றி மூடிக்கொண்டேன். அவள் தெரிந்துகொண்டதில் தப்பு ஒன்றும் இல்லையே.

பாயின் கார் பழைய இரும்புக்குப் போயிற்று. அக்கா பையன் கல்யாணத்தில் ஜானவாசமே இல்லை, மண்டபத்துக்குள்ளேயே இரண்டு சுற்று நடத்திவிட்டார்கள். பொட்டலும் இல்லை. கருவேல மரம் இருந்த இடத்தில்தான் இந்தப் பாட்டரிக் கடை இருக்கவேண்டும், நான் பார்வையால் அளந்து பார்த்துவிட்டேன்.

பாட்டரியைச் சார்ஜில் போட்டு, காரைக் கடையிலேயே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். காவேரிப் பாலத்து ஏற்றத்தில் டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னங்க சார், முதுகு வலியா? ஏன் இப்படிக் குனிஞ்சிருக்கீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். பாலம் முடிகிற வரைக்கும் நிமிரவில்லை.