பிளாஸ்ட்டில் விழுந்த பந்து

காசு கொடுத்து வாங்கி, டெம்போ வைத்துக் கொண்டுவந்து, சொந்தக் கடைக்குள் நிறுத்திய ஒரு மிஷின் யாருக்குச் சொந்தம்? போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ராபர்ட்சன்பேட்டை பஜாரில் தன் கடை நடுவில் நின்றுகொண்டு சுந்தரியக்கா இதைக் கேட்டார். சுற்றி நின்ற இருபது பேரில் நானும் ஒருவன்.

சுந்தரியக்கா வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பாவுக்குப் பக்கத்திலிருக்கும் பாலகாட்டில் மளிகைக் கடை. தராசு முள்ளை வாங்குகிறவர் பக்கம் திருப்பி வைத்துத்தான் அவர் நிறுப்பார். கல்யாணத்துக்கு முன் ஆறு வருடம் சுந்தரியக்கா விடியற்கால ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்தார். ஒரு மாலில், விளையாட்டுக் கூடத்தில், டோக்கன் கவுண்டர் வேலை. கவுண்டருக்கு எதிரே ஒரு பின்பால் மிஷின் நின்றது. கண்ணாடிக்கு அடியில் சாய்வான பலகை. அதில் ஓடும் எஃகுக் குண்டு. அது கீழே விழுந்துவிடாமல் தட்டி மேலே அனுப்ப இரண்டு துடுப்பு. சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் அதன் முன்னால் போய் நின்றுவிடுவார்.

கல்யாணமாகி, கணவர் வேணுகோபாலின் ஃபேன்சி ஸ்டோரில் வந்து உட்கார்ந்த பிறகும் அந்தக் குண்டு மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. போன வருடம் நான்கு தங்க வளையலை விற்று, பெங்களூர் டீலர் உமேஷிடம் ஒரு புது பின்பால் மிஷின் வாங்கினார்.

"வளையலை வித்துக் கோலி வாங்கின பொம்பள இந்த ஊர்லயே நீ ஒருத்திதான்" என்றார் வேணுகோபால். சொன்னவரே அலமாரியை நகர்த்தி அதற்கு இடமும் செய்து கொடுத்தார்.

மிஷின் வாங்கியதோடு செலவு நிற்கவில்லை. அதன் தலையில் மாட்ட ஒரு கப்பல் பொம்மை தனியாக விற்றார்கள். டாப்பர் என்று பெயர். சும்மா அழகுக்கு இல்லை. அதை மாட்டினால்தான் ஆட்டத்தின் கடைசிக் கட்டமே திறக்கும். பிறகு புதுக் குரல்கள், புதுப் பாட்டு. எல்லாவற்றுக்கும் போனில் பணம் கட்ட வேண்டும். ஒருநாள் திரையில் 'புதிய வெர்ஷன் போடட்டுமா?' என்று வந்தது. நாமெல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். படிக்காமல் 'சரி'யைத் தொட்டார்.

அன்றிலிருந்து ஒரு தொல்லை. பின்பால் மிஷினைக் கொஞ்சம் தள்ளிவிட்டு ஆடுவது வழக்கம். ரொம்ப உலுக்கினால் உள்ளே தொங்கும் ஊசல் அதைக் கண்டுபிடித்துவிடும். முதல் இரண்டு தடவை எச்சரிக்கை. மூன்றாவது தடவை 'டில்ட்'. துடுப்புகள் செத்துவிடும், பந்து போய்விடும். புது வெர்ஷன் வந்த பிறகு எச்சரிக்கையே இல்லை. முதல் உலுக்கலுக்கே டில்ட்.

"ஷீல்ட்னு ஒண்ணு இருக்கு மேடம், வாங்கிப் போட்டுடுங்க, வார்னிங் வரும்" என்றார் உமேஷ். வாங்கினார். தன் போனை இணைத்து ஆடிப் பார்த்தார். இரண்டு எச்சரிக்கையும் சரியாக வந்தன. அந்தத் தெம்பில் ஒரு கப்பு வைத்துப் போட்டி அறிவித்தார். பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள்.

"மிஷின்ல ஷீல்ட் இருக்கு. எல்லாருக்கும் ரெண்டு வார்னிங். இது என் வார்த்தை" என்று முதல் நாளே எல்லார் முன்னாலும் சொன்னார்.

முதல் சுற்றிலேயே தையல் கடை வாணியின் பந்து டில்ட்டில் போனது. "வார்னிங்கே வரலக்கா!" என்று வாணி கத்தினாள். "வந்திருக்கும்டி, நீ கவனிச்சிருக்க மாட்ட" என்றார் சுந்தரியக்கா. வாணி துப்பட்டாவை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

கடைசி ஆட்டம் பர்னபாஸுக்கும் ஹேமந்துக்கும். பர்னபாஸ் பக்கத்து ஏரியா மைசூர் மைன்ஸ்காரர், பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக், ஐம்பது வயது. மிஷினை உலுக்கவே மாட்டார். விரல் மட்டும்தான் அசையும். ஹேமந்துக்கு இருபத்து நாலு. தன் போனை மிஷினில் இணைத்து, தன் பெயரிலேயே ஆடுவான். பர்னபாஸ் வெறுமனே பொத்தானை அழுத்தி ஆடுவார்.

ஹேமந்த் மூன்று கோடியே பத்து லட்சம் பாயிண்ட் எடுத்துவிட்டு நகர்ந்தான். பர்னபாஸ் கடைசிப் பந்தில் இரண்டு கோடியே தொண்ணூறு லட்சத்தைத் தாண்டியிருந்தார்.

அப்போதுதான் தரை குலுங்கியது.

காலுக்கு அடியில் 'தொம்' என்று ஒரே ஓர் இடி. கம்பியில் தொங்கிய வளையல்கள் கலகலத்தன. ஒரு சோப்பு டப்பா கீழே விழுந்தது.

"பிளாஸ்ட்டு!" என்றார் யாரோ.

எங்கள் தங்கச் சுரங்க ஊரில் இது புதிதில்லை. சுரங்கத்தை மூடிவிட்டாலும் அடியில் பாறை எப்போதாவது இப்படி வெடித்துக் குலுக்கும். அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சட்டம் உண்டு. பிளாஸ்ட்டில் எது விழுந்தாலும், எது உடைந்தாலும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. பால் குண்டான் கவிழ்ந்தால்கூடத் துடைத்துவிட்டுப் போய்விட வேண்டும்.

மிஷினுக்கு அந்தச் சட்டம் தெரியாது. எச்சரிக்கை வரவில்லை. 'டில்ட்' என்று சிவப்பாக எரிந்தது. துடுப்புகள் விழுந்தன. திரையில் எழுத்து ஓடியது: பந்தைக் காப்பாற்ற நாற்பத்தொன்பது ரூபாய். பதினைந்து விநாடி. பதினான்கு. பதின்மூன்று.

"அங்கிள், ஸ்கேன் பண்ணுங்க, சீக்கிரம்!" என்றது கூட்டம்.

பர்னபாஸ் கையை எடுத்துக்கொண்டார். "பிளாஸ்ட்டுக்கு நான் எதுக்குக் காசு கட்டணும்?"

சுந்தரியக்காவின் கை தன் போனுக்குப் போனது. கட்டிவிடு என்பதுபோல வேணுகோபால் கண்ணைக் காட்டினார். எட்டு. ஏழு.

"அக்கா, ஓனரே கட்டினா அது எப்படிக்கா ஆட்டம்?" என்றான் ஹேமந்த்.

அவன் சொன்னது நியாயம். போனைப் பிடித்த கை அப்படியே நின்றது. மூன்று. இரண்டு. திரை இருண்டது.

"சுந்தரிம்மா, ரெண்டு வார்னிங்னு சொன்னீங்க" என்றார் பர்னபாஸ். குரல் உயரவே இல்லை. அதுதான் சுந்தரியக்காவைக் குத்தியது. ஸ்பீக்கரைப் போட்டு உமேஷைக் கூப்பிட்டார்.

"நான் வாங்கின ஷீல்ட் இன்னா ஆச்சு?"

"அது உங்க அக்கவுண்டுக்கு மேடம். உங்க போன்ல லாகின் பண்ணி நீங்க ஆடினா வேலை செய்யும். வேற யாருக்கு வேணும்னாலும் அவங்கவங்க வாங்கிக்கணும்."

ஹேமந்த் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தனக்கென்று ஒரு ஷீல்ட் வாங்கியிருந்தான்.

"கடைக்கு வர்றவங்க எல்லாருக்கும் வேணும்னா தனி பேக் இருக்கு மேடம். மாசா மாசம் கட்டணும். இன்னைக்கு ஆஃபர்ல போட்டுத் தரேன்."

"மிஷின் என்னுதுய்யா."

"மிஷின் உங்களுது மேடம். சாஃப்ட்வேர் கம்பெனியுது."

அப்போதுதான் சுந்தரியக்கா எங்கள் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். கூட்டத்தின் ஓரத்தில் வாணி நின்றாள். சுந்தரியக்கா அவளைப் பார்த்தார்.

"வாணி, அன்னிக்கு வார்னிங் வரலதான். நான்தான் தப்பாச் சொன்னேன்."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி: "இந்தப் போட்டியில நடந்த ஒரு ஆட்டமும் செல்லாது. காசு கட்டினவனுக்கு ஒரு மிஷின், கட்டாதவனுக்கு ஒரு மிஷின்னு ஆடியிருக்கோம்."

"அக்கா, நான் ஜெயிச்சிட்டேனே!" என்றான் ஹேமந்த்.

"கப்பை நீயே எடுத்துக்கோ குரு. நான் கேட்டது கப்பு இல்ல" என்று அவனிடம் சொன்னார் பர்னபாஸ்.

சுந்தரியக்கா மிஷினின் முன்கதவைச் சாவி போட்டுத் திறந்தார். மிஷினோடு முதல் நாள் வந்த பென் டிரைவ், வந்த கவரிலேயே உள்ளே இருந்தது. கவரைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷர் வேணுகோபால். அதில் பழைய வெர்ஷன் இருந்தது. இரண்டு எச்சரிக்கையைக் காசில்லாமல் கொடுத்த வெர்ஷன்.

"மேடம், பழசைப் போட்டீங்கன்னா நீங்க வாங்கினது எல்லாம் போயிடும். திரும்ப வராது. டாப்பர்கூட எரியாது" என்றார் உமேஷ்.

ஒரு வளையல் விலை அந்தக் கப்பலுக்குள் இருந்தது. சுந்தரியக்கா கணவரைப் பார்த்தார். "இன்னாங்க?"

"பிளாஸ்ட்டுல போனதா வச்சிக்கோ" என்றார் வேணுகோபால்.

சுந்தரியக்கா நெட் ஒயரைப் பிடுங்கி, பென் டிரைவைச் செருகினார். திரையில் ஒரு கோடு நகர்ந்தது. பாதி வந்து அப்படியே நின்றுவிட்டது. ஒரு நிமிடம். இரண்டு. மிஷினே செத்துவிட்டதோ என்று நினைத்தேன். சுந்தரியக்கா மூக்கு நுனி வியர்க்க நின்றார். கோடு மறுபடி நகர்ந்தது. கப்பல் விளக்கு அணைந்தது. கடை சட்டென்று மங்கலானது போலிருந்தது.

பர்னபாஸ் முன்னே வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மிஷினைத் தோளால் ஒரு இடி இடித்தார். 'எச்சரிக்கை' என்று மஞ்சளாக எரிந்தது. யாரும் காசு கேட்கவில்லை.

"வாணி, மொதல்ல நீ ஆடு" என்றார் சுந்தரியக்கா.

அடுத்த ஞாயிறு போட்டி முதலிலிருந்து நடந்தது. ஹேமந்த் தாமதமாக வந்தான், போனைப் பையில் போட்டுவிட்டு ஆடினான், இரண்டாம் சுற்றில் வாணியிடம் தோற்றான். பர்னபாஸ் அவளிடம் கடைசி ஆட்டத்தில் தோற்றார். கப்பல் இன்னும் மிஷின் தலையில்தான் இருக்கிறது, இருட்டாக.

அந்தக் கேள்விக்கு இன்றும் எனக்கு முழுப் பதில் தெரியாது. ஆனால் இதைப் படித்த நீங்கள், புதிதாக ஏதாவது வாங்கித் திரையில் 'சரி'யைத் தொடப்போகிற ஒருவரிடமாவது சுந்தரியக்காவின் கதையைச் சொல்லுங்கள். கேட்டவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.