கட்டி என்ற சொல்லுக்குப் பிறகு

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவள் அவள். அந்த ஒன்பது வருடத்தில் பொய் சொல்லாத ரிஜிஸ்டர் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. ஊரின் இந்தக் கோடியில் இருக்கும் கட்டடத்தையும் அந்தக் கோடியில் இருக்கும் கட்டடத்தையும் ஒரே மணிக்குச் சோதித்ததாக ஒரே மெக்கானிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அந்த மெக்கானிக்குகள் அயோக்கியர்களும் அல்ல. மதியம் அவள் சாப்பாடு கொண்டுவராவிட்டால் தங்கள் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் தள்ளுகிறவர்கள். அப்படியானால் வேலைக்கும் காகிதத்துக்கும் நடுவில் என்னதான் நடக்கிறது? இந்தக் கேள்வி விடாப்பிடியாகத் துரத்தியதில், நாற்பது வயதில் வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். மெக்கானிக்குகள் வைத்த பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டே வந்தது: ரிஜிஸ்டர் மேடம்.

கேள்விகளைத் தயாரிக்கவே ஏழு மாதம் பிடித்தது. "விதிகளை ஏன் மீறுகிறீர்கள்?" என்று அவள் முதலில் எழுதிக்கொண்டுபோனதை வழிகாட்டிப் பேராசிரியை ஒரே கோட்டில் அடித்தார்.

"இது போலீஸ் கேக்கிற கேள்வி. நேத்து காலையிலேருந்து என்னென்ன வேலை பார்த்தீங்கன்னு கேளுங்க. மீதி தானா வரும். இன்னொண்ணு, அவங்க பேச்சு நின்னா நீங்க பேசாதீங்க. மனசுக்குள்ள இருபது எண்ணுங்க."

பேட்டி கொடுப்பவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தையும் இருவரும் சேர்ந்துதான் எழுதினார்கள். பெயர், கம்பெனி, கட்டடம் எதுவும் வெளியே போகாது. கடைசியில் ஒரு வரி: யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உரியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அந்த வரியோடுதான் அனுமதி கொடுத்தது.

முதலில் பார்த்த இரண்டு மெக்கானிக்குகளும் சரியாக அந்த வரிக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டார்கள். மூன்றாவது ஆளைப் பார்க்கப் போவதற்கு முன்னால் அவள் அந்த வரியை எடுத்துவிட்டு, படிவத்தைப் புதிதாக அச்செடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அதன் பிறகு பதினான்கு பேர் மளமளவென்று பேசினார்கள்.

பதினான்காவது ஆள் அவளுடைய பழைய கம்பெனி மெக்கானிக் 'ரோப்பு' அண்ணன். இரும்புக் கயிறு மாற்றுவதில் கைதேர்ந்தவர் என்பதால் அந்தப் பெயர். ஐம்பத்து மூன்று வயது. அவருடைய வீட்டு முன்னறையில், ஒலிப்பதிவில் இரைச்சல் விழக்கூடாது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, இருவரும் வேர்த்து வழிய ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். நல்ல பேட்டி என்ற திருப்தியோடுதான் அவள் வீடு திரும்பினாள்.

நான்கு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஐம்பத்தொன்றாவது நிமிடத்தில் அவருடைய பேச்சு நின்றது. ஒன்பது விநாடி ஒன்றுமில்லை. பிறகு மெல்லிய குரலில், "அந்த பிசியோதெரபி கட்டடத்துல கவர்னர நான் கட்டி..." என்று தொடங்கினார். அதே நொடியில் அவளுடைய குரல் குறுக்கே பாய்ந்தது: "சரிண்ணா, அடுத்து ட்ரெய்னிங் பத்திக் கேக்கலாமா?"

அவள் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

கவர்னர் என்பது லிஃப்டுக்கு மேலே இருக்கும் ஒரு சக்கரம். லிஃப்ட் தறிகெட்டு இறங்கினால் அதைத் தண்டவாளத்தோடு கவ்விப் பிடிக்க வைப்பது அதுதான். 'மத்த நாளெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பார், கெட்ட நேரத்துல மட்டும் வேலைக்கு வருவார்' என்று மெக்கானிக்குகள் கேலி செய்வார்கள். அதைக் கட்டினால், பிடிக்க ஆள் இல்லை.

திரும்பத் திரும்பக் கேட்டாள். 'கட்டி வச்சிருந்தேன்' என்று சொல்ல வந்தாரா, 'கட்டி வச்சிருக்கேன்' என்றா? முதலாவதென்றால் பழைய கதை. இரண்டாவதென்றால், முழங்கால் மடங்காதவர்களும் இடுப்பு உடைந்தவர்களும் இந்த நிமிடமும் அந்தப் பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

இரவுப் பணி முடித்து வந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்து அருகில் வந்தார். அவரிடம் ஒரு காதுக்குழாயைக் கொடுத்தாள்.

"போன் போட்டுக் கேளேன்," என்றார் அவர்.

நாலு முறை போட்டாள். கிடைக்கவில்லை. லிஃப்ட் குழிக்குள் இறங்கியவருக்கு ஏது சிக்னல்?

அடுத்து பேராசிரியைக்குப் போட்டாள். நடந்ததைச் சொன்னதும் அவர், "கடைசி வரி இருக்கில்ல படிவத்துல? அப்புறம் என்ன தயக்கம்?" என்றார்.

"அந்த வரிய நான் எடுத்துட்டேன் மேடம்."

மறுமுனையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"எத்தனை பேர்கிட்ட?"

"எல்லார்கிட்டயும்."

"அத அப்புறம் பேசுவோம். சும்மா விடமாட்டேன், ஆனா அப்புறம். இப்ப அவர நேர்ல போய்ப் பாருங்க. அவர் வழிக்கு வரலைன்னா எனக்கு போன் பண்ணுங்க, நான் சொல்றேன். படிவம் என்ன சொன்னாலும் சரி."

அவருக்கு இப்போது எந்த ஏரியா என்று பேட்டியில் அவரே சொல்லியிருந்தார்; அங்கே எந்த நாளில் எந்தத் தெருவில் வேலை என்பது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. இரண்டாவது கட்டடத்தின் வாசலிலேயே அவருடைய வண்டி நின்றது. பழுதுபார்ப்புக்காக லிஃப்டை நிறுத்தியிருந்ததால் ஏழு மாடி ஏறினாள். மொட்டை மாடிக்கு மேலே இருந்த மெஷின் அறையில் அவர் குந்தி உட்கார்ந்து பிரேக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மேடம், கேள்வி பாக்கி இருக்கா?"

"அண்ணா, பிசியோதெரபி கட்டடத்துல கவர்னர கட்டியிருக்கா?"

"யார் சொன்னா?"

"நீங்கதான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

அவள் போனை எடுத்து அந்த இடத்தை ஓடவிட்டாள். தன் குரலையும் அதை வெட்டிய அவளுடைய குரலையும் அவர் கேட்டார். கையிலிருந்த துணியை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள். இருபதைத் தாண்டி முப்பதுக்கும் போய்விட்டாள்.

"கட்டிதான் இருக்கு," என்றார் அவர். "நாலு மாசமா. அது தேஞ்சுபோய், ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் கவ்விப் பிடிச்சு லிஃப்ட நிறுத்திடும். ஒரு அம்மா ரெண்டு மாடிக்கு நடுவுல முக்கால் மணி நேரம் மாட்டிக்கிட்டாங்க. ஆபீஸ்ல ஒரே சத்தம். பார்ட் வர்ற வரைக்கும்னு கம்பியில கட்டினேன். அதுக்குள்ள என் ஏரியாவ மாத்திட்டாங்க. புதுசா வந்தவன் மேல ஏறியிருக்க மாட்டான். ரிஜிஸ்டர்ல என் கையெழுத்து இருக்கில்ல, எல்லாம் சரின்னு."

"இப்பவே போகலாம்ணா."

"வெளிய சொல்லமாட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களே."

"எழுதினேன். எழுதியிருக்கக் கூடாது. மறைச்சு எழுதினது என் தப்பு. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லத்தான் போறேன்."

அவர் அவளை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்த ஆள் இப்படிச் செய்துவிட்டாளே என்கிற பார்வை. அவளால் தலை நிமிர முடியவில்லை. அவர் எழுந்து கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அவருடைய வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனாள். ஒவ்வொரு சிக்னலிலும் சிவப்பு எரிந்தது.

பிசியோதெரபி கட்டடத்தில் லிஃப்ட் ஐந்தாவது மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. வாக்கரோடு ஒரு பெரியவரும் அவருடைய மகளும் வெளியே வந்தார்கள். அவர்கள் தாண்டிய கையோடு ரோப்பு அண்ணன் உள்ளே காலை வைத்துக் கதவைத் தடுத்து, "யாரும் ஏறாதீங்க" என்றார்.

வரவேற்பில் இருந்த பெண் எழுந்து வந்தாள். "மேல ஒன்பது பேஷண்ட் இருக்காங்க. எப்படி இறங்குவாங்க?"

"நாற்காலியில தூக்கி இறக்குவோம். நானும் ஒரு கை பிடிக்கிறேன்."

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே நின்று ஆபீசுக்கு போன் செய்தார். "நான்தான் கட்டினேன். நான்தான் சரின்னு கையெழுத்துப் போட்டேன்." வேறு யாரையும் இழுக்கவில்லை. பிறகு, சொன்னபடியே, ஒன்பது பேரையும் இறக்குவதற்குத் தோள் கொடுத்தார். கடைசி ஆள் இறங்கும்போது மணி மூன்றேகால். அதன் பிறகுதான் அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

பரிசோதிக்க வந்தவர்கள் கம்பியை அறுத்து எடுத்தார்கள். பிரேக்கும் பாதி தேய்ந்திருந்தது என்றார்கள். ரோப்பு அண்ணனை மூன்று மாதம் இடைநீக்கம் செய்து, பிறகு தனியாகக் கையெழுத்துப் போடும் அதிகாரம் இல்லாமல் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தன் பேட்டியை அழித்துவிடும்படி அவர் எழுதிக் கேட்டார். அதைக் கேட்டிருந்த கணவரின் கண் முன்னால் அவள் அழித்தாள். அதற்குப் பிறகு அவளுடைய போனை ரோப்பு அண்ணன் எடுக்கவே இல்லை.

பல்கலைக்கழகக் குழுவின் முன்னால் அவள் எதையும் பூசி மெழுகவில்லை. ஐந்து மாதம் ஆராய்ச்சியை நிறுத்தி வைத்தார்கள். மீதிப் பதின்மூன்று பேர் வீட்டுக்கும் சரியான படிவத்தோடு மறுபடி போனாள். இரண்டு பேர் கதவைச் சாத்தினார்கள். மற்றவர்கள் திட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். பதினொரு பேட்டிகளையும் முதலிலிருந்து கேட்டு, தான் குறுக்கிட்ட இடங்களையெல்லாம் சிவப்பில் குறித்தாள். மொத்தம் நூற்று அறுபத்தேழு. அந்தச் சிவப்பிலிருந்து ஒரு முழு அத்தியாயம் எழுதினாள். பேராசிரியை அதைப் படித்துவிட்டு, ஒரு காற்புள்ளியைத் தவிர எதையும் திருத்தவில்லை.

வாய்மொழித் தேர்வு நாளில் வெளித்தேர்வாளர் அந்த அத்தியாயத்தில் விரலை வைத்தார்.

"மௌனத்தை வெட்டினா என்ன ஆகும்னு இவ்வளவு எழுதியிருக்கீங்க. ஒரு உதாரணம் சொல்லுங்களேன்."

பேராசிரியை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளிடம் ஒரே ஒரு பெரிய உதாரணம்தான் இருந்தது. அது ரோப்பு அண்ணனுடையது, அவளுடையது அல்ல.

"சொல்ல எனக்கு அனுமதி இல்லை சார்," என்றாள்.

தேர்வாளர் அவளையே பார்த்தபடி காத்திருந்தார். அவள் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் கழித்து அவர் பக்கத்தைப் புரட்டி, அடுத்த கேள்விக்குப் போனார்.