மூன்று ஓ.பி. சீட்டுகள்

கடம்பத்தூரில் சொந்த வீட்டுக்குக் குடிபோன வருஷமே என் இடது மணிக்கட்டு உடைந்தது. உடைத்தவன் என் புருஷன். கும்மிடிப்பூண்டி இரும்பாலையில் அவனுக்கு ஷிப்ட் வேலை. வந்த நேரத்துக்குக் குழம்பு ஆறியிருந்ததாம், குக்கர் மூடியாலேயே அடித்தான். அடுத்த முறை கொதிக்கிற கஞ்சியைக் காலில் ஊற்றினான். மூன்றாவது முறை, இடுப்பில் சின்னவள் இருக்கும்போதே என் தலையைச் சமையலறைத் தடுப்புச் சுவரில் மோதினான். ஏழு தையல்.

மூன்று முறையும் அவனே பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் கேட்டதும் முந்திக்கொள்வான். "துணி தொவைக்கும்போது வழுக்கி வுழுந்துட்டா சார்." "சோறு வடிக்கும்போது கொட்டிக்கினா." "கொயந்தைய குளிப்பாட்டும்போது இடிச்சிக்கினா." அப்படியே சீட்டில் எழுதினார்கள். நானும் மண்டையை ஆட்டினேன். மானங்கெட்ட மண்டை! எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அடி வாங்கியதில்லை. எல்லாரும் வழுக்கித்தான் விழுவோம். மறுபடி கட்டு மாற்றப் போனால் கேட்பார்களே என்று சீட்டுகளை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

விவாகரத்து வழக்கு திருவள்ளூர் கோர்ட்டுக்கு வந்தது. வீடு அவன் பேரில் இருந்தது. நான் பாதி கேட்டேன். பதினாறு வருஷம் இவள் ஆக்கிப்போட்டுப் பிள்ளை வளர்த்ததால்தான் அவரால் நிம்மதியாக ஷிப்ட் போக முடிந்தது, அந்த வீட்டில் இவள் உழைப்பும் இருக்கிறது என்றார் என் வக்கீலம்மா.

கூண்டில் நின்று அவன் சொன்னான்: "இவ இன்னா வேல செஞ்சா சார்? குந்திக்கினு டிவி பாத்துக்கினு இருந்தா. எல்லாம் எங்கம்மாதான் செஞ்சாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. செருப்பைக் கழற்றியிருப்பேன், வக்கீலம்மா கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மூன்று சீட்டுகளையும் அவனிடம் நீட்டினார்.

"டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொன்னது நீங்கதானே? துவைச்சாங்க, வடிச்சாங்க, குளிப்பாட்டினாங்கன்னு. இது உண்மையா? இல்ல, நீங்க அடிச்சீங்களா?"

ஆப்பசைத்த குரங்குபோல விழித்தான். "அவதான் சார் செஞ்சா. ஊட்டு வேல எல்லாம் அவதான்."

நான் துள்ளி எழுந்தேன். இது போதும், உட்காருங்கள் என்று வக்கீலம்மா எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் உட்காரவில்லை. "வேலயும் செஞ்சேன், அடியும் வாங்கனேன். ரெண்டையும் எழுதிக்குங்க ஐயா!" என்று கத்தினேன்.

தீர்ப்பில் பாதி வீடு எனக்கு வந்தது. சமையலறை என் பாதியில் இருக்கிறது. சாவி கைக்கு வந்த அன்றே கடப்பாரை வாங்கிப் போய், மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கத் தெறிக்க, அந்தத் தடுப்புச் சுவரை நானே இடித்துத் தள்ளினேன்.